குழவி கிடந்த ஏணை

மாமனாரை ஐப்பசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் ஓட்டுகிற வாடகை ஜீப்பின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். என் மடியில் குழந்தை. பக்கத்தில் மாமியார், ஜீப்புக்குள் ஒழுகிய தண்ணீரைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டே வந்தார். மண் பாதை தொடங்கும் இடத்தில் வண்டி குலுங்கியபோது மாமா முதல்முறையாகப் பேசினார். மூச்சுக் குழாய்க்காகக் கழுத்தில் போட்டிருந்த துளை அப்போதுதான் மூடிக்கொண்டு வந்தது. குரல் தகரத்தில் உரசியது போல இருந்தது.

"மெஷினு எங்க?"

"மெஷினு இல்லீங்க மாமா. நீங்களேதான் மூச்சு உடறீங்க" என்றேன்.

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

ஆடி மாதம் சாமை விதைத்துவிட்டு வந்தவர், கால் மரத்துப்போகிறது என்றார். அடுத்த நாள் எழுந்து நிற்க முடியவில்லை. பிறகு கை. வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சும் சிறுத்துப்போயிற்று. நரம்பில் வருகிற நோய் இது, மெல்ல மெல்லத் தானாக விலகும், விலகும்வரை அவருக்குப் பதிலாக மெஷின் மூச்சுவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் பாதி போனது. மெஷின் 'புஸ்' என்று காற்றை ஏற்றும், 'டக்' என்று நின்று இறக்கும். அந்தச் சத்தம் அவருக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக நான்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான் ஒருத்தி. டாக்டர் இங்கிலீஷ் கலந்து சொல்வதை விளங்கிக்கொள்ளவும், மருந்துச் சீட்டைப் படிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. பால் குடிக்கிற குழந்தையை வெளியே மரத்தடியில் மாமியாரிடம் விட்டுவிட்டு உள்ளே போவேன். ஒருநாள் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது. நர்ஸ் ஓடிவந்து ஒரு கறுப்பு ரப்பர் பையை அவர் கழுத்துக் குழாயில் மாட்டிக் கையால் அழுத்தினார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அழுத்தினார். மாமாவால் அப்போது விரல்கூட அசைக்க முடியாது. கண் மட்டும் அசையும். அந்தக் கண் இரண்டும் நர்ஸின் கையிலேயே இருந்தன. அந்தக் கை ஓய்ந்தால் தான் இல்லை என்று தெரிந்த ஒருவரின் பார்வை அது. நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால், பின்னால் அவர் கேட்டதற்கு என்னால் மறுப்பு சொல்ல முடிந்திருக்குமோ என்று நினைப்பதுண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தே பேசினார். திருப்பித் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கை கால்களை நீவி மடக்கி நீட்ட வேண்டும். உட்காரவைத்துத்தான் கஞ்சி கொடுக்க வேண்டும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குழாய் விட்டு, குமிழி வரும்படி ஊதச்சொல்ல வேண்டும்.

"மூச்சு அவரோடதுதான். இனிமே நிக்காது. ஆனா நின்னுடும்னு அவர் பயப்படுவார். நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்" என்றார்.

"கேட்டுக்கடி" என்றார் மாமியார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் வீடு நெல்லிவாசல் பக்கத்தில் ஒரு சரிவில் இருக்கிறது. மண்சுவர், ஒரே நீள அறை, ஒரே வாசல், கையகல ஜன்னல். கரண்ட் இன்னும் வரவில்லை. சுவரோரம் மாமாவின் கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். அதற்கு எதிரே, நடு விட்டத்தில் குழந்தைக்குப் புடவையில் ஏணை கட்டியிருந்தது. விட்டத்தில் அடித்த இரும்பு வளையத்தில் கொக்கி, கொக்கியில் ஏணை, ஏணையை இழுத்து ஆட்ட ஒரு கயிறு. ஆட்டினால் இரும்பும் இரும்பும் உரசி, போகும்போது 'கிர்ர்' என்னும், திரும்பும்போது 'டக்' என்னும். எண்ணெய் விட வேண்டும் என்று பல நாளாக நினைத்து மறந்துபோயிருந்தேன்.

வந்த புதிதில் மாமா தூங்கவே இல்லை. கண்ணை மூடுவார், உடனே திடுக்கிட்டு வாயைப் பிளப்பார். "காத்து வரல, காத்து வரல" என்பார். மார்பில் கைவைத்துப் பார்ப்பேன். காற்று போய் வந்துகொண்டுதான் இருக்கும். சொன்னால் கேட்கமாட்டார். வெளியில் மழை நிற்காமல் பெய்தது. மழைச் சத்தத்துக்கு ஏற்ற இறக்கம் இல்லை. அதோடு சேர்த்து அவரால் மூச்சுவிட முடியவில்லை.

ஒரு மத்தியானம் குழந்தையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா தூங்கிக்கொண்டிருக்கிறார். வாய் மூடியிருக்கிறது. முகம் தளர்ந்திருக்கிறது. 'கிர்ர்' என்கிறபோது மார்பு ஏறுகிறது, 'டக்' என்கிறபோது இறங்குகிறது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையும் தூங்கிவிட்டதால் சோறு வடிக்கலாம் என்று எழுந்தேன். ஏணை மெல்ல நின்றது.

"மெஷினு நின்னுட்ச்சி!" என்று அலறினார் மாமா. முகம் கறுத்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, அந்த ஆஸ்பத்திரிக் கண்ணோடு என் கையைப் பார்த்தார். நான் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தேன்.

அன்று பிடித்த கயிறுதான்.

அதன்பிறகு அவர் தூங்க வேண்டுமானால் ஏணை ஆட வேண்டும். விழித்திருக்கும்போதும், பயம் வந்தால் ஆட வேண்டும். பயம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. இரவில் என் கணவர் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுத்தபடி ஆட்டுவார். ஆலங்காயத்துக்கும் மலைக்குமாக நாளெல்லாம் ஜீப் ஓட்டிவிட்டு வருகிறவர், பாதியில் உறங்கிப்போவார். பகல் முழுக்க நான். சாமை அறுப்பு வந்துவிட்டதால் மாமியார் விடிந்ததும் சரிவுக்குக் கீழே இருக்கிற எங்கள் சாமைக் கொல்லைக்குப் போய்விடுவார். போகும்போது வாசலில் நின்று கட்டிலைப் பார்த்துச் சொல்வார்:

"எம்புள்ள மருமவள கட்டிகினு வந்தான்னு நெனச்சேன். உனுக்கு ஒரு மெஷினு வாங்கியாந்து வுட்டுக்கீறான்."

மாமா சிரிப்பார். சிரிப்பு மூச்சைக் கெடுக்கும். நான் வேகமாக ஆட்டுவேன். அதிலிருந்து அவரும் என்னை மெஷின் என்றே கூப்பிட ஆரம்பித்தார். "மெஷினு, தண்ணி குடு." "மெஷினு, கால நீட்டு." கோபம் வந்ததா என்றால் வரவில்லை. கயிற்றை விட்டுவிட்டு எழுந்து போகிற ஆளாக இருந்தால்தானே கோபத்துக்கு ஒரு பிரயோஜனம்.

சிக்கல், குழந்தை ஏணையில் இல்லாதபோதுதான். அவளுக்குத் தவழ வந்துவிட்டது. விழித்துக்கொண்டால் உள்ளே கிடக்கமாட்டாள். இறக்கிவிட்டால் அடுப்பைப் பார்த்துப் போவாள், வாசலைப் பார்த்துப் போவாள். எனவே என் பழைய தாவணியை அவள் இடுப்பில் சுற்றி நடுத்தூணில் கட்டிவைத்தேன். தாவணி எட்டுகிற வரைக்கும் போய்விட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் காலி ஏணையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மாமியார் அரிவாளை எடுக்க நடுவில் வந்தார். அவள் தூணில், நான் கயிற்றில், ஏணையில் யாருமில்லை. பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! வெறும் ஏணைய ஆட்றியே, கொழந்தைக்கு ஆவுமா அது? நீயெல்லாம் இன்னா படிச்ச?"

காலி ஏணையை ஆட்டினால் அதில் கிடக்க வேண்டிய குழந்தைக்கு வயிற்றுவலி வரும், காய்ச்சல் வரும், அதற்கு மேலும் வரும் என்பது எங்கள் அம்மா வீட்டிலும் சொல்வதுதான். பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டு அதை நான் ஒதுக்கிவைத்திருந்தேன். ஒதுக்கிவைத்தேனே தவிர எங்கேயும் போய்விடவில்லை அது. ஒவ்வொரு ஆட்டத்திலும் உறுத்தியது. அத்தை வாயால் கேட்டதும் கை தானாக நின்றுவிட்டது.

நின்றதும் மாமாவுக்கு இழுப்பு வந்தது. மாமியார் இதை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். கட்டிலைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். புருஷனா, பேத்தியா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் கேட்டதுபோல நின்றார்.

"ஆட்டு ஆட்டு" என்றார் கடைசியில், கண்ணை மூடிக்கொண்டு. "இன்னா பாவமோ, ஆட்டு."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. குழந்தையை முதன்முதல் ஏணையில் போட்ட நாளில், அவளைப் போடுவதற்கு முன்பு அம்மிக் குழவியைக் கழுவிப் பொட்டு வைத்து உள்ளே போட்டு ஆட்டினார்கள். இந்த மாமியார்தான் போட்டார்.

"அத்தை, கொழவியப் போட்டா வெறும் ஏணை இல்லதானே?" என்றேன்.

சட்டம் சொல்கிறவர் முகம்போல ஆயிற்று அவர் முகம். பிறகு குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திவந்து ஏணையில் கிடத்தினார். மேலே ஒரு துணியும் போர்த்தினார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கல்லு மாதிரி அசையாத ஆளு இவுரு" என்றார் மாமாவைக் காட்டி. "இப்ப தொணைக்கு ஒரு கல்லு வந்துட்ச்சி."

குழவியின் கனத்தில் புடவை தொய்ந்து ஏணை தரைக்குப் பக்கமாக வந்துவிட்டது. ஆட்டம் நீண்டது. 'கிர்ர்' என்பது முன்பைவிட மெதுவாக வந்தது. மாமாவின் மூச்சு அதை எட்டிப்பிடிக்கத் தடுமாறியது, பிறகு நீண்டது. எனக்குப் பயமாக இருந்தது. இது நல்லதா கெட்டதா என்று கேட்க டாக்டர் பக்கத்தில் இல்லை. இப்போதும் தெரியாது.

உண்மையில் தொடக்கத்திலிருந்தே எனக்கு இந்தச் சந்தேகம்தான். ஆட்டச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. முதல் நாளே கயிற்றை விட்டிருந்தால் இரண்டு முறை மூச்சு முட்டி, மூன்றாவது முறை தானாகப் பழகியிருப்பாரோ? நானே அவருக்கு இன்னொரு மெஷினை மாட்டிவிட்டேனோ? சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருநாள் அவர் கண் அயர்ந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டத்தைக் குறைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இன்னா, ஏமாத்தறியா?"

கார்த்திகையில் வந்துவிடு, படவேட்டில் குழந்தைக்கு மொட்டை போட்டுவிடலாம் என்று என் அம்மா ஜீப்பில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்து வந்தபிறகு நான் அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. 'வர முடியாது' என்று சொல்லியனுப்பினேன். காரணம் சொல்லவில்லை. ஏணை ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சத்தம் இல்லாமல் அவரால் மூச்சுவிட முடிகிறவரை நான் அந்த அறையைவிட்டு நகர முடியாது. அந்த நாள் தையில் வருமா, சித்திரையில் வருமா, வரவே வராதா, எனக்குத் தெரியாது. பாட்டிலில் ஊதச் சொன்னால் ஊதினார். குமிழிகள் நாளுக்கு நாள் பெரிதாக வந்தன. கையை முழங்கையிலிருந்து மடக்க முடிந்தது. உடம்பு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. பயம்தான் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

காலையில் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. மாமியார் கொல்லைக்குப் போனபிறகு கொதிக்க ஆரம்பித்தது. பால் குடிக்கவில்லை. தாவணியைக் கட்டாமலே விட்டேன், அவள் எங்கேயும் போகவில்லை. என் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். ஒரு கையால் அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் ஆட்டினேன். குழவியைப் போட்டு ஏமாற்றியது போதவில்லையோ? கல் கல்தான், ஏணை வெறும் ஏணைதானோ? அப்படி எல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஆட்டினேன்.

ஆஸ்பத்திரி இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு மத்தியானம் ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் மறுநாள்தான். ஜீப் கீழே போயிருந்தது. ஊரில் எல்லோரும் அறுப்புக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, மாமியாரை அழைத்துவரச் சொன்னேன். அவள் கொல்லைக்கு இறங்கி, மாமியார் அங்கிருந்து ஏறி வருவதற்குள் பஸ் போய்விடும். பஸ்ஸைப் பிடிப்பதானால் மாமாவைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"மெஷினுக்கு லீவு வேணுமா?" என்றார்.

ஒரு கையால் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"அந்தக் கயித்த இங்க குடு."

"உங்களால புடிக்க முடியாதுங்க மாமா."

"புடிக்க முடியலன்னா கட்டு. மாட்ட கட்டத் தெரியாதா உனுக்கு?"

பழைய வேட்டித் துண்டைக் கிழித்து அவர் மணிக்கட்டில் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டினேன். ரொம்ப இறுக்கிவிட்டோமோ என்று அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் முழங்கையை மடக்கினார். ஏணை கொஞ்சம் அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொருமுறை மடக்கினார். 'கிர்' என்றது. நின்றது. அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன்.

"தொடாத" என்றார்.

மறுபடி மடக்கினார். 'கிர்ர்.' விட்டார். 'டக்.'

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டு நின்றேன். மேல் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. இவரை விட்டுப்போய் ஏதாவது ஆகிவிட்டால்? போகாமல் இருந்து இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"இன்னும் இன்னாத்துக்கு நிக்கற? நா இன்னா கொழந்தையா? போய்ட்டு வாம்மா."

'மெஷினு' என்று சொல்லாமல் அவர் அம்மா என்றது ரோட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜமுனாமரத்தூரில் நர்ஸம்மா குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் புண் என்றார். ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். "ரெண்டு நாள்ல சரியாப் பூடும், பயப்படாத" என்றவர், என்னையே பார்த்தார்.

"கைல இன்னாம்மா?"

குனிந்து பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வலது கை, முன்னும் பின்னுமாகப் போய் வந்துகொண்டிருந்தது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்புகிற பஸ் தாமதமாக வந்தது. ரோட்டில் இறங்கி வீட்டுச் சரிவில் ஏறும்போது இருட்டவில்லை, மழையும் விட்டிருந்தது. கீழ்க்களம் தாண்டினால் எப்போதும் ஏணைச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. நின்று கவனித்தேன். இல்லை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் எதுவும் வாசலில் இல்லையே என்று பார்த்தேன். இன்னும் யாருக்கும் தெரியவில்லையோ என்னவோ என்றும் நினைத்தேன்.

பிறகு வேறொரு சத்தம் கேட்டது. கரகரவென்று, கல்லோடு கல்.

மாமியார் வீட்டு ஓரத்தில் அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார். குழவியில் மஞ்சள் போய் மிளகாய்ச் சிவப்பு ஏறியிருந்தது.

"கொழந்தைக்கு எப்பிடிக் கீது?"

"தொண்டையில புண்ணாம். ஊசி போட்டாங்க. மாமா?"

"நா வந்தப்போ ஆட்டிகினுதான் கெடந்தாரு. நா ஆட்றேன்னா உடல. அப்பறம் கையி வலிக்குதுன்னு அவுரே உட்டாரு. நா பக்கத்துலயே குந்திகினு பாத்தேன், ஒண்ணும் ஆவல. எத்தினி நாளா தொவையலே இல்லாம திங்கறது? கல்ல எட்த்துகினு வந்துட்டேன்."

உள்ளே போனேன். ஏணை அசையாமல் தொங்கியது. கயிறு அவர் மணிக்கட்டிலேயே இருந்தது, தளர்ந்து. மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் குனிந்து நின்றேன். ஒரு மூச்சு நீளமாக வந்தது. அடுத்தது குட்டையாக. அதற்கடுத்தது எங்கேயோ சிக்கி, குறட்டையாகி, விடுபட்டுப் போனது. கொஞ்சம் தாமதித்து இன்னொன்று. எதிலும் ஒழுங்கே இல்லை. ஆடியிலிருந்து இத்தனை நாளும் சீரான மூச்சையே பார்த்துப் பழகிய எனக்கு, அந்த ஒழுங்கில்லாத மூச்சு அவருடையதுதான் என்பது புரிய நேரமாயிற்று.

நான் பார்ப்பது தெரிந்தோ என்னவோ, விழித்துக்கொண்டார்.

"கொழந்த?"

"தூங்குதுங்க மாமா. சரியாப் பூடுமாம்."

"ஏணைல போடு." கண்ணை மூடிக்கொண்டார். "சத்தம் பண்ணாத."

அன்றோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மறுநாள் மத்தியானம் பயம் வந்து மறுபடி கயிற்றைக் கேட்டார். தை பிறந்தபிறகும் சில நாள் கேட்டார். கொடுத்தால் அவரே ஆட்டிக்கொள்வார். யார் பிடிப்பது என்று என்னைத் தேடமாட்டார். மொட்டை போட மாசியில்தான் போனோம்.

ஆனால் அன்று, குழந்தையை ஏணையில் கிடத்திவிட்டு, ஆட்டாமல், வெளியே வந்து முற்றத்தில் நின்றேன். ஐப்பசிக்குப் பிறகு எந்த வேலையும் இல்லாமல் நான் வெளியில் நின்றது அப்போதுதான். எதிர்மலையில் மழைத்தண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மியில் அரைக்கிற சத்தம் நின்றிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் மார்பு ஏறி இறங்கியது. திரும்பிவந்து நின்றேன். மறுபடி போய்ப் பார்த்தேன்.

"நின்னா ஒரு எடத்துல நில்லேன்டி" என்றார் மாமியார், துவையலை வழித்துக்கொண்டே.

சரி என்று நின்றேன். பிறகு இன்னொருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.